ஃபியூஸ் கட்டியவன்

1

என் மகள் ரேவதியின் இடது கையில் இரண்டு விரல்கள் வெந்து இன்றோடு மூன்று வாரம். புதுத்தோல் வந்துகொண்டிருக்கிறது. மருந்து போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சத்தம் போடமாட்டாள்.

என் அண்ணன் முனுசாமி இறந்ததும் இதே பங்குனியில்தான். அது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒரே வேலை. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், உருகாத கம்பியை வைத்து யாரோ கட்டினார்கள். இங்கே கட்டியது என் மகள். அங்கே கட்டியது யார் என்பதற்குக் கரெண்ட் ஆபீஸ் எழுதிய ஒரு காகிதம் உண்டு. அந்தக் காகிதத்தில் இருப்பது தப்பு. அதைத் திருத்தாமல் இத்தனை வருடம் சும்மா இருந்தேன்.

இந்தப் பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் குளிரைப் பற்றி, பேருந்தைப் பற்றி, இங்கே கிடைக்கும் ரொட்டியைப் பற்றி. ஊர்க்காரர்கள் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். இந்த முறை அப்படி இருக்காது.

2

நான் இருப்பது போர்ச்சுகல் நாட்டில், பிராகா என்ற ஊரில். வேலை செய்வது விளையாட்டுத் துப்பாக்கிக் கடை ஒன்றில். பொம்மைக் கடை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வளர்ந்த ஆட்களே ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்து உடை போட்டுக்கொண்டு, முகத்துக்கு மூடி மாட்டிக்கொண்டு, தைலமரத் தோப்புக்குள் போய் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிறார்கள். ஏர்சாஃப்ட் என்று பெயர். பார்க்க அசல் ராணுவத் துப்பாக்கி. வாயிலிருந்து வருவது மட்டும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குண்டு. அசல் இல்லை என்று தெரிவதற்காகக் குழாயின் முனையில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ சிவப்போ பூசியிருக்க வேண்டும், அது சட்டம்.

உள்ளே பார்த்தால் நம் ஊர்ச் சமாச்சாரம்தான். ஒரு பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், மூன்று பல்சக்கரம், ஒரு ஸ்பிரிங். விசையை அழுத்தினால் மோட்டார் சுற்றும், சக்கரங்கள் ஸ்பிரிங்கை இழுத்து விடும், காற்று குண்டைத் தள்ளும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பீடித்துண்டு அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் மயிர்போல ஒரு கம்பி. அதுதான் ஃபியூஸ். சக்கரம் சிக்கிக்கொண்டாலோ, ஒயரின் தோல் உரசித் தேய்ந்து இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டாலோ, கரெண்ட் வெள்ளமாக ஓடும். அப்போது அந்த மயிர்க்கம்பி முதலில் உருகி, வழியை அறுத்துவிடும். துப்பாக்கி நின்றுபோகும். ஆட்டம் கெடும். ஆள் பிழைப்பான்.

எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சித்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஆறு வருடம், திருப்பதியில் ஃபேன் ரிப்பேர், தடா பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்தபோது அங்கே ஒயரிங். எந்த ஊரிலும் கால் நிற்கவில்லை. பிறகு குவைத் ஒன்பது வருடம். அப்புறம் ஒரு தரகன் பேச்சைக் கேட்டு இந்த நாட்டுக்கு வந்து, தெற்கே பிளாஸ்டிக் கூடாரங்களில் பழம் பறித்தேன். முதுகு விட்டுப்போனதும் வடக்கே வந்து, கூட்டிப் பெருக்கும் வேலை இருக்குமா என்று இந்தக் கடையில் கேட்டேன். முதலாளி ரூயி அப்போது ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பிரித்து, கார்பனைத் துடைத்து, சுற்றவைத்துக் கொடுத்தேன். துடைப்பம் கையில் வரவே இல்லை. மறுநாளே மேசை கொடுத்துவிட்டார்.

பாஷைதான் இன்றுவரை வரவில்லை. குடியிருப்புக் காகிதம் புதுப்பிக்கும் ஆபீஸில் என்ன வேலை என்று ஒரு அம்மாள் கேட்டார். அவர்கள் மொழியில் ஃபியூஸுக்கும் ராணுவத் துப்பாக்கிக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். ஃபியூஸ் மாற்றுகிறேன் என்று சொல்லவேண்டியவன், நாக்குப் புரண்டு, ராணுவத் துப்பாக்கி மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ரூயி வந்து சிரிக்கச் சிரிக்க விளக்கிய பிறகுதான் விட்டார்கள். அந்த வருடம் எனக்குக் காகிதம் வர பதினான்கு மாதம் ஆனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ரூயி சொல்கிறார். இருக்கலாம்.

கடைக்கு வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சென்யோர் நைனா, அதாவது நைனா ஐயா. எங்கள் பக்கத்தில் அப்பாவைத்தான் நைனா என்போம். மகள் கடைக்கு வந்து நைனா, நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. ஐம்பது வயது ஆள்கூட வந்து தோளில் தட்டி, "நைனா, இந்த ஃபியூஸைத் தூக்கிவிட்டு நேராகச் சேர்த்துக் கொடு, வேகம் கூடும்" என்பான். செய்யமாட்டேன். என்ன காசு கொடுத்தாலும் செய்யமாட்டேன். இருபது ஆம்பியர் என்று போட்டிருந்தால் இருபதுதான் போடுவேன். அடிக்கடி போகிறது என்றால் எதனால் போகிறது என்று பார்த்துக் கொடுப்பேன். "உங்கள் நாட்டில் எல்லாரும் இவ்வளவு ஜாக்கிரதையா?" என்று ரூயி ஒருமுறை கேட்டார். சிரித்துவைத்தேன்.

3

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில், குடிபாலாவுக்குப் பக்கம். வேலூர் எல்லை நடந்துபோகும் தூரம். எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா காலம்வரை அடுத்தவர் கரும்பு வெட்டிப் பிழைத்தோம். பிறகு சர்க்கார் பட்டாவில் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வந்தது, கல்லும் முள்ளுமாக. அண்ணன்தான் அதைச் சீர்செய்தார். போர் போட்டுத் தண்ணீரும் வந்தது. ஐந்து குதிரைசக்தி மோட்டார், அதற்கு ஒரு கொட்டாய், சுவரில் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டி, மேலே மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டை. அந்தக் கொட்டாய்க்குள் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். கரெண்ட் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். பயம் இருக்கவேண்டியதுதான், ஆனால் செருப்பைக் கழற்றக் கூடாது. நான் சொன்னால், "சாமி மாதிரி தம்பி அது, செருப்போட போவக் கூடாது" என்பார்.

பகலில் நான்கு மணிநேரம் கரெண்ட் விடுவார்கள். அதற்குள் எல்லா நிலத்திலும் மோட்டார் போடுவதால் வோல்டேஜ் இறங்கிவிடும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகமாக இழுக்கும், ஃபியூஸ் போகும். போட வேண்டிய ஈயக்கம்பியை வாங்க சித்தூர் போகவேண்டும். போய் வருவதற்குள் கரெண்ட் நின்றுவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரு வேலை செய்வார்கள். பழைய ஒயரைக் கிழித்து, செம்புக்கம்பி இழை இரண்டு எடுத்து முறுக்கி, கட்டையில் கட்டிவிடுவார்கள். போகாது. எவன் கட்டினது நிறையநாள் போகாமல் நிற்கிறதோ அவன் கெட்டிக்காரன். டீக்கடையில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள், கிணறு வெட்டினவன் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

நான் குவைத் கிளம்புவதற்கு முந்தின நாள். நிலக்கடலை பூவெடுத்து நின்றது. தண்ணீர் பாயவேண்டிய நேரம், பத்து நாளில் ஆறு முறை ஃபியூஸ் போயிருந்தது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நீ பாட்டுக்குப் பிளேன் ஏறிப் போயிடுவ. பீஸு போனா நான் யாரைக் கூப்பிடுவேன்? எனக்கு அதுங்கிட்டப் போனாலே கை நடுங்குது."

"இரு அண்ணா. இனிமே போவாத மாதிரி கட்டிட்டுப் போறேன்."

"போவாதா?"

"நீ கெழவனாற வரைக்கும் போவாது."

காயில் கட்டும் கடையிலிருந்து கொண்டுவந்த தடித்த செம்புக்கம்பி வீட்டில் இருந்தது. நான்கு இழை எடுத்தேன். எனக்கென்று ஒரு முறுக்கு உண்டு. கடையில் பழகியது. இடப்பக்கமாக மூன்று சுற்று, மடித்து, நுனியை உள்ளே செருகிவிடுவேன், கையில் குத்தாது. மூன்று கட்டையிலும் அப்படியே கட்டினேன். மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் பாய்ந்தது. அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். "என் தம்பி கட்னது, பார்த்துக்கோ!" என்று பக்கத்து நிலத்துக்காரருக்குக் கேட்கும்படி கத்தினார். அந்த நேரத்தில் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் தெரியாமல் செய்ததில்லை. ஃபியூஸ் எதற்கு இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். காயில் கட்டும் கடையில் எரிந்துபோன மோட்டாரை நூறு பிரித்திருக்கிறேன். அண்ணனுக்கோ ஊரில் மற்றவர்களுக்கோ அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன்.

அடுத்த பங்குனியில் ஒயர் சூடாகிச் சூடாகி, தோல் இளகி, உள்ளே இருந்த கம்பி இரும்புப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. பெட்டியின் எர்த் கம்பி போர்க்குழாயில் கட்டியிருந்தது. ஒழுங்கான ஃபியூஸாக இருந்திருந்தால் ஒட்டிய அந்த நொடியே உருகி, கரெண்ட் நின்றிருக்கும். என் கம்பி உருகவில்லை. அண்ணன் மடை திறந்துவிட்டு ஈரக்கையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் தொட்டார்.

எனக்குக் குவைத்துக்குச் செய்தி வந்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்தநாள் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

4

இரண்டு வருடம் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்தது. அண்ணி கன்னியம்மா தட்டு வைத்துச் சோறு போட்டார். அண்ணன் மகன் கோபிக்கு அப்போது நான்கு வயது. யார் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்ததை அண்ணி சொன்னார். கரெண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்ததையும், கட்டையைக் கழற்றி, "எவரு கட்டேரு ஈ தீக?" என்று கேட்டதையும் சொன்னார். இந்தக் கம்பியை யார் கட்டியது? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை; தெரிந்த பக்கத்து நிலத்துக்காரர் வாய் திறக்கவில்லை, அவர் கட்டையிலும் செம்புக்கம்பிதான். கட்டியவன் குவைத்தில் இருந்தான். நிலம் யாருடையதோ அவர்தான் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்தது. தெலுங்கில் ஒரு வரி, கீழே கோடு போட்டிருந்தது: வினியோகதாருனி நிர்லக்ஷ்யம். கரெண்ட் வாங்கினவரின் அஜாக்கிரதை. அதாவது என் அண்ணன் தன் சாவுக்குத் தானே காரணம்.

"நீ இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது தம்பி," என்றார் அண்ணி. "நீ கரெண்டு தெரிஞ்சவன். இன்னாத்துக்கு இந்தக் கம்பி கட்னன்னு அவரை நாலு வார்த்தை கேட்டிருப்ப."

நான் சோற்றைத் தின்றேன். குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் தின்றேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஊருக்கு வந்த ஐந்து முறையிலும் சொல்லியிருக்கலாம். கல்யாணம் ஆயிற்று, ரேவதி பிறந்தாள், அவளுக்கு ஆறு வயதானபோது அவளையும் அவள் அம்மாவையும் இங்கே அழைத்துக்கொண்டேன். அண்ணி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோபியோடு திருப்பதிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சத்திரத்தில் அறை கூட்டும் வேலை. கோபி இப்போது மலைக்கு வருகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறான். வாரம் ஒருமுறை பேசுவோம். என்ன துன்னீங்க, மழை உண்டா, பாப்பா எப்படிக்கீது. அவ்வளவுதான் பேச்சு.

5

ரேவதிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். இந்த ஊர்ப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். தமிழ் பேசுவாள், அதுவும் என் ஊர்த் தமிழ். ஆனால் கொஞ்சம் நீளமாகப் பேசவேண்டும் என்றால் நடுவில் இந்த ஊர் மொழிக்கு மாறிவிடுவாள். கோபப்படுவதும் அந்த மொழியில்தான். அவள் அம்மா வேலைவிட்டு வந்து இரண்டு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும்.

ஏர்சாஃப்ட் குழு ஒன்றில் சேர்ந்து ஒரு வருடமாக ஆடுகிறாள். துப்பாக்கி நான் பழசு வாங்கிச் சரிசெய்து கொடுத்தது. ஒருநாள் ஃபியூஸ் போகிறது என்று கொண்டுவந்தாள். புதிது போட்டுக் கொடுத்து, "மறுபடியும் போனா கொண்டுவா, உள்ள எங்கயோ ஒயர் உரசுது, பிரிச்சிப் பார்க்கணும்" என்றேன். மறுபடியும் போனது. அவள் கொண்டுவரவில்லை.

ஞாயிறு மதியம் ரூயி போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வா, பயப்படாதே, கை மட்டும்தான் என்றார். போனால் கையில் கட்டு, நெற்றியில் முடி கொஞ்சம் பொசுங்கியிருந்தது. விசையை அழுத்தியிருக்கிறாள், சக்கரம் சிக்கியிருக்கிறது. சூடு ஏறி, ஒயர் புகைந்து, துப்பாக்கியின் பின்கட்டைக்குள் இருந்த பேட்டரி உப்பிப் பற்றிக்கொண்டது. கழற்றப் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் தூக்கிப் போட்டுவிட்டு ஓடவேண்டும், பேட்டரியைத் தொடவே கூடாது. பற்றியதும் தூக்கிப் போட்டாள். கூட ஆடியவர்கள் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். தைலமரத் தோப்பு, காய்ந்த சருகு. காற்று அடித்திருந்தால் மலையே போயிருக்கும்.

நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வயது, விலாசம், எப்படி நடந்தது. பாதுகாப்பு ஃபியூஸை யார் எடுத்துவிட்டது? பக்கத்தில் அவளுடைய சிநேகிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் தலையில் போட்டிருக்கலாம். பழைய துப்பாக்கி, அப்படியே வந்தது என்று சொல்லியிருக்கலாம். கடை பேர் கெடும் என்று நானே அப்படிச் சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தான்," என்றாள் ரேவதி. இந்த ஊர் மொழியில் அது இரண்டே சின்ன வார்த்தை. நர்ஸ் எழுதிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துத்தான் எரிந்த துப்பாக்கியை மேசையில் போட்டுப் பிரித்தேன். கண்ணாடிக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் செம்புக்கம்பியை முறுக்கிச் சேர்த்திருந்தாள். பிளாஸ்டிக்கெல்லாம் உருகியும் அந்த முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. இடப்பக்கமாக மூன்று சுற்று, மடித்து, நுனி உள்ளே செருகியிருந்தது. நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து பாடம் படித்த நாட்களில் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது.

கடையை மதியமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

6

"இன்னாத்துக்கு அப்படிக் கட்டன?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன்.

"போய்க்கினே இருந்திச்சு நைனா. ஆட்டம் நடுவுல நிக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. 'ஃபியூஸ் கடைக்காரன் பொண்ணு ஃபியூஸ் போயி நிக்கிறா'ன்னு."

"சிரிச்சா சிரிக்கட்டும்! செத்திருந்தா?"

"சாகலியே."

ஒரு அறை விட்டிருப்பேன். அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பதிலாக வாயைத் திறந்தேன். பெரியப்பா எப்படிச் செத்தார் என்று அவளுக்குப் பாதி தெரியும். மீதியைச் சொன்னேன். அவளுக்குப் புரியவேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னேன். நான் கட்டினேன். எனக்குத் தெரியும். தெரிந்து கட்டினேன். இப்படிச் சுருக்கிச் சொன்னபோது ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போனது.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"கோபி அண்ணனுக்கு?"

"தெரியாது."

"ஏன் நைனா?"

அவள் அந்த மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. திரும்பத் தமிழில் சொன்னாள்:

"அப்ப பெரியப்பா மேல பொய்யி எழுதிக்கீது. நீ அதப் படிச்சிட்டு சும்மா கீற."

போனை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். இங்கே மதியம் இரண்டு. திருப்பதியில் சாயங்காலம், அண்ணி வேலை முடிந்து வந்திருப்பார்.

7

"அண்ணி, நான் ஏகாம்பரம்."

"சொல்லு தம்பி. பாப்பா கை எப்படிக்கீது?"

"ஆறிக்கினு வருது. அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். இன்னா ஒரு மாதிரி பேசற?"

"அந்த மோட்டாருல பீஸு கட்னது அண்ணன் இல்ல. நான்."

அங்கே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எப்போ?"

"குவைத்துக்குப் போறதுக்கு மொத நாளு."

"நீயா."

"நான்தான் அண்ணி. தப்புன்னு தெரிஞ்சிதான் கட்னேன். கடலைக்குத் தண்ணி போவணும்னு…"

"அவரு கட்டலையா?"

"அவருக்குக் கட்டவே தெரியாது."

"அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" அண்ணியின் குரல் ஏறியது. "பல்பு மாட்டறதுக்கே என்னைக் கூப்புடுவாரு அந்த மனுசன். கரெண்டு ஆபீசுல அதத்தான சொன்னேன்! எங்க ஊட்டுக்காரருக்கு இதெல்லாம் வராது சாருன்னு தலையில அடிச்சிக்கினு சொன்னேன். எவன் கேட்டான்? சும்மா போம்மான்னுட்டானுங்க."

"எத்தனை தபா போன அண்ணி?"

"நாலு தபா போனேன். அஞ்சாந் தபா போவல. அப்புறம், அப்புறம் நானே நம்பிட்டேன் தம்பி. காயிதத்துல எழுதிக்கீதே, நமக்குத் தெரியாம கட்டிட்டிருப்பாருன்னு. எம் புள்ளைக்கு இன்னா சொல்லி வளத்தேன் தெரியுமா? உங்க நைனாவுக்கு அவசரப் புத்தி, தெரியாத வேலையில கை வச்சி நம்மள நடுத்தெருவுல உட்டுட்டுப் போயிட்டாரு, நீயும் அது மாதிரி ஆவாதடா. இதத்தான் சொன்னேன். வருசா வருசம் படையல் போடறப்பவும் சொன்னேன். அவரு போட்டோ முன்னாடியே சொன்னேன்."

அழுகிறாரா என்று காதைக் கொடுத்துப் பார்த்தேன், அழவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"என்னை நாலு வார்த்தை திட்டு அண்ணி," என்றேன்.

"உன்னைத் திட்டி இன்னா ஆவப்போவுது? நான் அவரைத் திட்டனது போவுமா?"

அங்கே ஏதோ பாத்திரத்தை நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவரே சொன்னார்:

"எழுதிக் குடு."

"யாருக்கு அண்ணி? அந்தக் காயிதமெல்லாம் இப்ப ஆபீசுல இருக்காது."

"ஆபீசுக்கு வாணாம். ஊருக்கு எழுது. நீதான் ஏதோ புக்குல எழுதறியே, குளுருதுன்னும் ரொட்டி துன்னேன்னும். ஊர்ல எல்லாம் படிக்கிறாங்களாமே. இதையும் எழுது. பேரைப் போட்டு எழுது. உம் பேரையும் அவரு பேரையும்."

"சரி அண்ணி."

"கோபிக்கு நான் சொல்லமாட்டேன். எந்த வாயால சொல்வேன்? நீ எழுது."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பத்து நாளாகப் போன் செய்கிறேன். கோபி எடுக்கிறான். "அம்மா குளிக்கிறாங்க சித்தப்பா", "அம்மா தூங்கறாங்க சித்தப்பா" என்கிறான். அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "கை ஆறிடுச்சா சித்தப்பா தங்கச்சிக்கு?" என்று கேட்கிறான். அவனுக்குப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அண்ணி கேட்டது எழுத்தில். எழுத்தில் வந்ததை எழுத்தில்தான் அழிக்கமுடியும் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது.

8

ஆகவே எழுதுகிறேன். குடிபாலா பக்கம், சர்க்கார் பட்டா நிலத்தில், மோட்டார் கொட்டாயில் இறந்த முனுசாமி அந்தக் கம்பியைக் கட்டவில்லை. அவருடைய தம்பி ஏகாம்பரமாகிய நான் கட்டினேன். அது தப்பு என்று கட்டும்போதே எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் என்னை நம்பினார்.

உங்கள் வீட்டிலோ கொட்டாயிலோ ஃபியூஸ் கட்டையில் செம்புக்கம்பி இருந்தால், மெயினை நிறுத்திவிட்டு, தெரிந்தவரை வைத்து இன்றைக்கே எடுத்துப் போடுங்கள். உங்களுக்காக அதைக் கட்டிக்கொடுத்தவன் கெட்டிக்காரன் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று கேட்கவேண்டும். இதை எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோபி படித்ததெல்லாம் தெலுங்கு மீடியம், அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அண்ணிக்கு இரண்டும் வராது. எனக்குத் தெலுங்கு எழுத வராது. எங்கள் பக்கத்துக்காரர் யாராவது இதைப் படித்தால், திருப்பதிக்குப் போகிறபோது ஒரு எட்டு போய் அவனைப் பாருங்கள். சத்திரத்தில் வேலை செய்கிற கன்னியம்மாவின் மகன், வேன் ஓட்டுகிற கோபி என்றால் பஸ் ஸ்டாண்டில் காட்டுவார்கள். அவனை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அவன் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முழுவதும் வாசிக்க நேரமில்லை என்றால், குளிர், காகிதம், கடை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். உன் நைனாவுக்கு ஃபியூஸ் கட்டத் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்.